பிறப்பை எண்ணாக்கும் விதிநூல்கள்: கற்பனை விளையாட்டுகளின் பதிப்புகள் சொல்லும் வரலாறு

ஒருவரின் ஆற்றலும் தொழிலும் பிறப்பிலேயே தீர்மானிக்கப்பட்டவை என்று அட்டவணை போட்டுச் சொன்ன நூல்களைப் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். அந்த வரிசையில் எவரும் எதிர்பாராத ஒரு நூலும் இருக்கிறது. 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலுள்ள லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டின் விதிநூலே அது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கிய இவ்விளையாட்டிலிருந்தே இன்றைய கணினி விளையாட்டுகளின் ‘லெவல்’, ‘கிளாஸ்’, ‘எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட்’ போன்ற ஏற்பாடுகள் பலவும் கிளைத்தன. 2023இல் வெளியாகி உலகெங்கும் ஆடப்படும் ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டு, இதன் ஐந்தாம் பதிப்பின் விதிகள் மீது கட்டப்பட்டது. மேசையில் அமர்ந்து பகடை உருட்டியிராத மாணவர்கள் பலரும் இவ்விதிகளுக்குள் பழகியவர்களே.

ஐம்பது ஆண்டுகளில் இவ்விளையாட்டு பலமுறை திருத்தி எழுதப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக வேறு விளையாட்டுகளும் தோன்றியுள்ளன. ஒரு விதிநூல் ஏற்றத்தாழ்வை எங்கே வைக்கிறது, உடலிலா சமூகத்திலா? அதை ஆட்டக்காரர் மாற்ற இயலுமா, இயலாதா? இந்த இரு கேள்விகளைக் கொண்டு அந்தப் பதிப்புகளையும் மாற்றுகளையும் இங்கே ஒப்பிடுகிறோம்.

விளையாட்டு இயங்கும் முறை

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். பாத்திரத்துக்கு வலிமை, லாவகம், உடல்திடம், அறிவுத்திறன், விவேகம், ஆளுமைக் கவர்ச்சி என ஆறு திறன்கள் உண்டு. தொடக்கத்தில் ஒவ்வொரு திறனும் மூன்று பகடைகளை உருட்டி 3 முதல் 18 வரையான ஓர் எண்ணால் குறிக்கப்பட்டது. போர்வீரர், மந்திரவாதி, பூசகர், திருடர் போன்ற தொழில்களுள் ஒன்றை ஆட்டக்காரர் தேர்வார். அனுபவம் கூடக் கூடப் பாத்திரம் படிப்படியாக உயரும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, பாத்திரம் மனிதரா, எல்ஃபா, ட்வார்ஃபா, ஹாஃப்லிங்கா, அரை ஓர்க்கா என்பது முடிவாக வேண்டும். ஐம்பது ஆண்டுகளாக விதிநூல்கள் இந்தத் தேர்வை ‘ரேஸ்’, அதாவது இனம் என்றே அழைத்தன.

2000க்குப் பிந்தைய பதிப்புகளில் ஒரு செயல் வெல்லுமா என்பதை இருபது முகப் பகடையே முடிவு செய்கிறது. திறனில் 2 எண் குறைந்தால் பகடையில் 1 குறையும். வெற்றி வாய்ப்பில் 5 விழுக்காடு போய்விடும். சிறிய இழப்புதான். ஆனால் ஒரு மாலைப்பொழுதில் பல முறை உருளும் பகடையில் அது பல முறை உணரப்படும்.

தடை: 1974 முதல் 1999 வரை

முதல் விதிநூலில் மனிதர்க்கு எல்லாத் தொழில்களும் திறந்திருந்தன; எத்தனை படி வேண்டுமானாலும் உயரலாம். ட்வார்ஃப் போர்வீரராக மட்டுமே ஆகலாம். ஆறாம் படியோடு நிற்க வேண்டும். ஹாஃப்லிங் நான்காம் படிக்கு மேல் செல்ல இயலாது. ஒருவர் எத்தனை திறமையாக ஆடினாலும், எத்தனை ஆபத்துகளைக் கடந்தாலும், பிறப்பு குறித்த எல்லையில் அவரது வளர்ச்சி நின்றுவிடும்.

1978இல் வந்த மேம்பட்ட பதிப்பின் ஆட்டக்காரர் நூல் இவ்வேற்பாட்டை மேலும் விரிவாக்கியது. எந்த இனம் எந்தத் தொழிலில் எந்தப் படி வரை உயரலாம் என்பதற்குத் தனி அட்டவணை; எந்த இனம் எந்த இனத்தை விரும்பும், சகிக்கும், வெறுக்கும் என்பதற்கு இன்னோர் அட்டவணை. பாலடின் எனும் அறநெறி வீரராக மனிதர் மட்டுமே ஆகலாம். அரை ஓர்க் பூசகரானால் நான்காம் படியோடு நிற்பார். போர்வீரரானால் பத்தோடு நிற்பார். அவர் எல்லையின்றி உயரக்கூடிய தொழில் ஒன்றே ஒன்றுதான்: கூலிக்குக் கொலை செய்வது. பெண் பாத்திரங்களின் வலிமைக்கும் ஒவ்வோர் இனத்திலும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

அதே நூல் அரை ஓர்க்குகளைப் பற்றிச் சொல்லும் ஒரு செய்தி நம் வாசகர்களை நிறுத்தக்கூடியது. அவர்களுள் பத்தில் ஒரு பங்கினரே மனிதர் என்று நம்பும்படியான தோற்றமுடையோர். ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம் அந்தச் சிறு பகுதியைச் சேர்ந்தவராகவே கொள்ளப்படும். தோற்றத்தால் அடையாளத்தை மறைக்க முடிந்தவருக்கு மட்டுமே கதைக்குள் இடம். வாடகை வீடு தேடும்போதும் வகுப்பறையில் பெயர் சொல்லும்போதும் அடையாளத்தை மறைக்க வேண்டியிருந்த எவருக்கும் இந்த நிபந்தனை புதிதாக இராது.

1981இல் வெளிவந்த எளிய பதிப்பில் இனமும் தொழிலும் ஒன்றாகவே ஆயின. மனிதர் போர்வீரராகலாம், பூசகராகலாம், மந்திரவாதியாகலாம். எல்ஃபின் தொழில் எல்ஃபாக இருப்பது, ட்வார்ஃபின் தொழில் ட்வார்ஃபாக இருப்பது. புதியவர்கள் கற்க எளிது என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. ஆயினும் பிறப்பே தொழில் என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாக எந்த விதியும் சொல்லிவிட முடியாது.

இந்த விதிகளுக்குக் காரணமும் சொல்லப்பட்டது. எல்ஃபுக்கு இருளில் பார்வை உண்டு, ட்வார்ஃபுக்கு மந்திரத்தைத் தாங்கும் ஆற்றல் உண்டு. இவற்றுக்கு ஈடாக எல்லை இல்லாவிட்டால் மனிதராக ஆட எவரும் முன்வரமாட்டார்கள். மனிதரை மையமாகக் கொண்ட உலகே இவ்விளையாட்டின் உலகு என்றார் கைகாக்ஸ். சமநிலைக்கான ஏற்பாடு என்ற அளவில் இவ்வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் சமநிலையை எட்டப் பல வழிகள் இருந்தன. அவற்றுள் பிறப்பால் எல்லை கட்டும் வழியே வடிவமைப்பாளர்களுக்கு இயல்பானதாகத் தோன்றியது.

1989இல் வந்த இரண்டாம் பதிப்பு பெண்களின் வலிமைக்கான உச்சவரம்பை நீக்கியது. அரை ஓர்க்கை அடிப்படை நூலிலிருந்தே நீக்கியது. இனங்களுக்கான எல்லைகள் நின்றன. பாலடின் தொழிலும் மனிதர்க்கே உரியதாக நின்றது.

தடை நீங்கியது, தண்டம் நின்றது: 2000 முதல் 2019 வரை

முதல் வெளியீட்டாளரான டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997இல் விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அந்நிறுவனத்தை 1999இல் ஹாஸ்ப்ரோ வாங்கியது. அடுத்த ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு இருபத்தாறு ஆண்டு விதியை ஒரே வீச்சில் அழித்தது. எவரும் எத்தொழிலும் ஏற்கலாம். எவரும் எப்படிக்கும் உயரலாம்.

ஆனால் எண்கள் வேறொன்று சொல்லின. மீண்டும் வந்த அரை ஓர்க்குக்கு வலிமையில் 2 கூடும். அறிவுத்திறனில் 2 குறையும். ஆளுமைக் கவர்ச்சியில் 2 குறையும். மந்திரவாதிக்கு வேண்டியது அறிவுத்திறன். ஆகவே அரை ஓர்க் மந்திரவாதியாவதை விதி அனுமதித்தது, எண் தடுத்தது. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு ‘விருப்பத் தொழில்’ குறிக்கப்பட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட தொழில்களைக் கற்பவர் அதிலிருந்து விலகிச் சமமின்றி வளர்ந்தால், ஈட்டும் அனுபவத்தில் 20 விழுக்காட்டை இழப்பார். அரை ஓர்க்குக்குக் குறிக்கப்பட்டது ‘பார்பேரியன்’, அதாவது காட்டுமிராண்டி. மனிதருக்கும் அரை எல்ஃபுக்கும் மட்டும் எத்தொழிலும் விருப்பத் தொழில். சட்டத்தின் முன் சமத்துவமும் வாழ்வில் சமத்துவமும் ஒன்றல்ல என்பதை விளக்க, கல்லூரி வகுப்பறைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அரிது.

2008இல் வந்த நான்காம் பதிப்பு பிறப்புக் குறைகளை நீக்கி, கூடுதல்களை மட்டும் வைத்துக்கொண்டது. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் அடிப்படை நூலும் அவ்வழியே சென்றது. எனினும் கூடுதல் ஒருவருக்கு உண்டு, மற்றவருக்கு இல்லை என்றால், இல்லாதவருக்கு அதுவே குறை. 2016இல் வந்த துணைநூல் ஒன்று ஓர்க்குகளுக்கு அறிவுத்திறனில் 2 குறைவு என்ற பழைய கணக்கை மீண்டும் கொண்டுவந்தது. ஒருமுறை நீக்கப்பட்ட விதி, எவரும் கவனியாதபோது பின்வாசல் வழியாக நுழைந்தது.

பிறப்பிலேயே தீயவர்

எண்களைவிட ஆழமான கேடு வேறோர் ஏற்பாட்டில் இருந்தது. ஒவ்வோர் உயிரினத்துக்கும் ‘அறச்சார்பு’ ஒன்றை விதிநூல்கள் குறித்தன. 1977ஆம் ஆண்டின் அரக்கர் தொகுப்பு நூலில் ஓர்க்குகள் தீயவர் என்று பதிவாயினர். கருந்தோல் கொண்ட ட்ரவ் எனும் எல்ஃபுகளும் தீயவராகவே அறிமுகமாயினர். ஓர்க்குகளின் குடியிருப்பில் நுழைந்து அனைவரையும் கொன்று செல்வத்தை எடுத்துச் செல்வது வீரச்செயலாயிற்று. குழந்தைகளை என்ன செய்வது என்ற கேள்வி மேசைதோறும் எழுந்தது.

2005இல் வாசகர்களின் கேள்விகளுக்கு இணையத்தில் விடையளித்த கைகாக்ஸ், அறநெறி வீரர் பணிந்தவர்களைக் கொல்வதை நியாயப்படுத்த, கர்னல் ஜான் சிவிங்டனின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பேன்முட்டை உவமையை எடுத்தாண்டார். 1864இல் கொலராடோவின் சாண்ட் கிரீக் பகுதியில் செயென், அரப்பஹோ மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் கொன்று குவித்த படையின் தலைவர் இந்தச் சிவிங்டன். கற்பனை ஓர்க்கைப் பற்றிய விவாதம், உண்மையான ஒரு படுகொலையின் மொழியில் வந்து முடிந்தது. ஒரு சமூகம் முழுவதையும் பிறப்பாலேயே குற்றவாளி என்று பதிவேட்டில் எழுதிய 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அறிந்த நமக்கு, ‘இவ்வினம் தீயது’ என்ற ஒற்றை வரி எத்தனை தூரம் செல்லக்கூடியது என்பது தெரியும்.

2020க்குப் பின்

2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாயிட் கொல்லப்பட்டபின் அமெரிக்கா முழுதும் எழுந்த போராட்டம் இத்துறையையும் தொட்டது. ஓர்க்குகளையும் ட்ரவ்களையும் விவரித்த மொழி, உண்மையான இனக்குழுக்களை இழிவுபடுத்திய மொழியை நினைவூட்டுகிறது என்று ஜூன் மாதம் நிறுவனமே ஒப்புக்கொண்டது. ரோமா மக்களைப் பற்றிய இழிவான வார்ப்பில் உருவான ‘விஸ்டானி’ பாத்திரங்கள் திருத்தப்பட்டன. ஓர்க்குகளின் அறிவுக் குறைவு நீக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வந்த துணைநூல், பிறப்புக் கூடுதல்களை விரும்பிய திறனுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றது. 2024ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் நூலில் ‘ரேஸ்’ என்ற சொல் மறைந்து, ‘ஸ்பீசிஸ்’ வந்தது. தமிழில் இதை ‘உயிரினம்’ என்று எழுதும்போது, கைவிடப்பட்ட ‘இனம்’ அச்சொல்லுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்கிறோம். பெயர் மாற்றத்தை மட்டும் கொண்டு மகிழ முடியாது. அட்டவணை மாறியதா என்று பார்க்க வேண்டும்.

அட்டவணை மாறியிருக்கிறது. திறன் கூடுதல்கள் பிறப்பிலிருந்து பிரிக்கப்பட்டு, ‘பின்புலம்’ என்பதோடு சேர்க்கப்பட்டுள்ளன. பாத்திரம் இதற்குமுன் என்ன வாழ்வு வாழ்ந்தது என்பதே பின்புலம். உழவராக இருந்தவர் வலிமை, உடல்திடம், விவேகம் ஆகியவற்றில் கூடுதல் பெறலாம். பிரபுவாக இருந்தவர் வலிமை, அறிவுத்திறன், ஆளுமைக் கவர்ச்சி ஆகியவற்றில் பெறலாம். இருவருக்கும் மொத்தக் கூடுதல் 3. பொருட்களுக்குப் பதில் பணமாகப் பெற்றால் இருவருக்கும் அதே 50 பொற்காசுகள். பிரபுவின் செல்வத்தை உழவருக்குச் சமமாக்கிவிட்ட விதிநூல், அறிவுத்திறனைப் பிரபுவுக்குக் கொடுத்து உழவருக்குக் கொடுக்கவில்லை. நிலவும் சமூகத்தில் நிகழ்வது இதற்கு நேர்மாறு: அறிவு எங்கும் பிறக்கிறது; செல்வமும் நிலமும்தான் ஓரிடத்தில் குவிகின்றன. தொழிலைப் பிறப்போடு கட்டிய சமூகத்திலிருந்து பார்க்கும்போது, இரத்தத்திலிருந்து தொழிலுக்கு இடம்பெயர்ந்த இக்கணக்கு முழு விடுதலையாகத் தெரியவில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க இயலாது: இன்றைய ஓர்க், பிறப்பின் காரணமாக எந்தத் தொழிலிலும் பின்தங்குவதில்லை. அரக்கர் தொகுப்பின் 2025ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர்க்குகள் அரக்கர் பட்டியலிலேயே இல்லை.

இம்மாற்றத்தில் இழப்பும் உண்டு. ‘அரை’ என்ற சொற்கட்டே இனவாதத் தன்மை கொண்டது என்று கூறி, அரை எல்ஃபும் அரை ஓர்க்கும் 2024ஆம் ஆண்டின் நூலிலிருந்து நீக்கப்பட்டன. இரு மரபுகளுக்கிடையே பிறந்த தம்மை அப்பாத்திரங்களில் கண்ட ஆட்டக்காரர்கள், தம் இருப்பே அழிக்கப்பட்டதாக வருந்தினர். இழிவான சொல்லை நீக்குவதும், அச்சொல்லால் குறிக்கப்பட்டவரை நீக்குவதும் வேறு வேறு.

வேறு வழியில் சென்றவர்கள்

டி அண்ட் டி ஐம்பது ஆண்டுகள் எடுத்துக்கொண்ட தொலைவைச் சில விளையாட்டுகள் தொடக்கத்திலேயே கடந்திருந்தன. கேயோசியம் நிறுவனம் 1978இல் வெளியிட்ட ‘ரூன்குவெஸ்ட்’ விதிநூலில் தொழிற்பிரிவு என்பதே இல்லை. எவரும் எத்திறமையையும் பயின்று வளர்க்கலாம். மந்திரம் ஒரு பிரிவினரின் தனிச்சொத்து அல்ல. ஒரு திறமையைப் பயன்படுத்தி வென்றபின் பகடை உருட்ட வேண்டும். இப்போதுள்ள அளவைவிடக் கூடுதலாக விழுந்தால் திறமை வளரும். எனவே பின்தங்கியிருப்பவரே விரைவாக முன்னேறுவர். ட்ரால்களுக்கெனத் தனி வரலாறும் பண்பாடும் 1982இலேயே எழுதப்பட்டன. இங்கும் ‘ப்ரூ’ போன்ற சில உயிரினங்கள் பகைவராகவே படைக்கப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும்.

பிரிட்டனில் 1986இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ பாத்திரமேற்பு விளையாட்டு ஏற்றத்தாழ்வை மறைக்கவில்லை. தொடக்கத் தொழிலைப் பகடை தீர்மானிக்கும். எலி பிடிப்பவராகவோ பிச்சையெடுப்பவராகவோ கதையைத் தொடங்கலாம். அங்கிருந்து வேறு தொழில்களுக்கு மாறும் வழிகள் விதியில் உண்டு. 2018இல் வந்த நான்காம் பதிப்பு, பித்தளை, வெள்ளி, பொன் என்ற சமூகத் தகுதிகளை வகுத்து, ஈட்டும் வருவாயை அவற்றோடு இணைத்தது. எல்ஃபுகளுக்கு இங்கும் பிறப்பில் கூடுதல் எண்கள் உண்டு. ஆனால் மனிதருக்கும் மனிதருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு உடலில் இல்லை. வரியிலும் கூலியிலும் மரியாதையிலும் இருக்கிறது. எலி பிடிப்பவர் அறிவு குறைந்தவர் அல்லர், கூலி குறைக்கப்பட்டவர்.

அதே 1986இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’, எல்லாவற்றையும் புள்ளிகளால் விலைபேசியது. உயர்ந்த தகுதி வேண்டுமானால் புள்ளி கொடுத்து வாங்க வேண்டும். சமூக இழிவைச் சுமக்கும் பாத்திரமாயின் புள்ளிகள் திரும்பக் கிடைக்கும்; அவற்றைக் கொண்டு பிற திறமைகளை வளர்க்கலாம். இது ஈடு செய்யும் நீதி போலத் தோன்றும். ஆனால் முன்கோபம், பார்வையின்மை ஆகியவை இடம்பெறும் அதே ‘குறை’ப் பட்டியலில் சமூக இழிவும் நிற்கிறது, இழைத்தவர் எவர் என்பது பட்டியலில் இல்லை. கதை நடத்துபவர் அந்த இழிவைக் கதையில் கொண்டுவராவிட்டால், ‘இலவசப் புள்ளி’ வாங்கினார் என்ற முணுமுணுப்பு எழும். உரிமையைச் சலுகை என்று பெயர் மாற்றிப் பேசும் வாதம் நமக்குப் பழகியதே.

பைசோ நிறுவனம் 2019இல் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர்’ இரண்டாம் பதிப்பு ‘இனம்’ என்பதை விடுத்து ‘மரபு’ என்று எழுதியது. அதுவரை கொல்லப்படுவதற்கென்றே இருந்த காப்லின்களை அடிப்படை நூலிலேயே ஆட்டக்காரர் பாத்திரமாக்கியது. பிறப்புக் குறைகளை ஏற்காமல் இரு திறன்களைத் தாமே தேரும் வழி 2022இல் எல்லா மரபுகளுக்கும் தரப்பட்டது. 2023இன் மறுபதிப்பில் அறச்சார்பு என்ற ஏற்பாடே கைவிடப்பட்டது.

எழுதுவது யார்

2022இன் இரு நூல்கள் இவ்வரலாற்றின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகின்றன. ஜூலையில் விசர்ட்ஸ் நிறுவனம் ‘ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டாடல்’ என்ற தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள பதின்மூன்று கதைக்களங்களையும் வெள்ளையரல்லாத எழுத்தாளர்களே எழுதினர். வங்க ஆற்றுநிலத்தின் சாயல் கொண்ட ‘மணிவர்ஷா’ கதைக்களத்தை எழுதியவர், கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல். ஆக்டேவியா பட்லர் பற்றிய கட்டுரைத் தொகுப்பின் இணைப்பதிப்பாசிரியராக 2018இல் லோகஸ் விருது பெற்றவர் அவர்.

அடுத்த மாதமே அதே நிறுவனத்தின் ‘ஸ்பெல்ஜாமர்’ நூல் வந்தது. அதில் ‘ஹடோசி’ எனும் குரங்குருவ மக்கள், ஒரு மந்திரவாதியிடம் அடிமைப்பட்டு, அவன் தந்த மருந்தால் அறிவு பெற்றவர்களாக விவரிக்கப்பட்டனர். கறுப்பின மக்களை இழிவுபடுத்தப் பயன்பட்ட உருவகங்களை வாசகர்கள் உடனே அடையாளம் கண்டனர். செப்டம்பரில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு அப்பகுதிகளை நீக்கியது. ஒரு நூலில் ஒடுக்கப்பட்டோரை அழைத்து எழுதவைப்பதால் நிறுவனத்தின் பழக்கம் மாறிவிடுவதில்லை. ஒவ்வொரு நூலையும் அச்சுக்கு முன் படித்து நிறுத்தும் அதிகாரம் எவரிடம் இருக்கிறது என்பதே கேள்வி.

அதிகாரம் அழைப்பால் மட்டும் வருவதில்லை. 2021 அக்டோபரில் பைசோ ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைத்தபோது, ஒப்பந்த எழுத்தாளர்கள் பலர் ஆதரவாக வேலையை நிறுத்தினர். நிர்வாகம் சங்கத்தை ஏற்றது. அதே ஆண்டில், செரோக்கி தேசத்தவரான கானர் அலெக்சாந்தர் தலைமையில் பூர்வகுடிப் படைப்பாளர்கள் ‘கயோட்டி அண்ட் க்ரோ’ என்ற விளையாட்டுக்கு மக்களிடமிருந்து பத்து லட்சம் டாலருக்கு மேல் திரட்டினர். குடியேற்ற ஆதிக்கம் நிகழாத அமெரிக்காவே அதன் களம்.

விதிநூலைப் படிக்கும் முறை

ஓர்க்கும் எல்ஃபும் கற்பனை, சாதி கற்பனையல்ல. பகடையில் இழந்த 5 விழுக்காட்டை, மறுக்கப்பட்ட கல்வியோடும் நிலத்தோடும் சமமாக்கிப் பேசுவது நம் நோக்கமன்று. ஆனால் கற்பனை உலகுக்கு விதி எழுதுபவர், தமக்கு இயல்பாகத் தோன்றுவதையே முதலில் எழுதுகிறார். அதனால்தான் டிராகன்களும் மந்திரங்களும் நிறைந்த உலகில்கூட, ட்வார்ஃப் ஒருவர் மந்திரவாதியாவதை நினைத்துப் பார்க்க இருபத்தாறு ஆண்டுகள் ஆயின.

ஏற்றத்தாழ்வே இல்லாத விதிநூல்தான் வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஒடுக்குமுறை இல்லாத கதையில் அதை எதிர்க்கும் கதையும் இராது. அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று பெயரிட்டது மனிதர் கட்டிய அமைப்பை. மனிதர் கட்டியது என்பதாலேயே அது தகர்க்கத்தக்கது. ஏற்றத்தாழ்வை உடலில் எழுதும் விதிநூல் அத்தகர்ப்பைக் கதையிலும் இயலாததாக்கிவிடுகிறது. சமூகத்தில் எழுதும் விதிநூல் அதற்கு இடம் வைக்கிறது.

கல்லூரி விடுதிகளில் இவ்விளையாட்டுகளை ஆடுவோரும் புதிதாக எழுத முனைவோரும் ஒரு விதிநூலைத் திறந்தவுடன் மூன்றைத் தேடலாம். பாத்திரம் தேர்வு செய்யாத ஒன்றுக்காக எந்த எண் குறைகிறது? கொல்லத்தக்கவர் என்று எவர் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறார்? அந்தப் பக்கத்தை எழுதியவர் யார், அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு? இவற்றுக்கு விடை பெரும்பாலும் முன்னுரையில் கிடைக்காது. அட்டவணைகளில் கிடைக்கும்.